தேங்காய்ச் சாமியார்

பேப்பர் போட்டுவிட்டு, ஃபோனை அணைத்துவிட்டு, கண்காணாத ஊரில் ஒரு குடிசை. வாசலில் நாலு தென்னை, கொல்லையில் ரெண்டு வாழை, நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில். இந்த வசனத்தைச் சொல்லாத நகரவாசி கிடையாது. திங்கட்கிழமை காலை சிக்னலில் நிற்கும்போது சொல்வார்கள். ஒன்றாம் தேதி சம்பளம் ஏறியதும் மறந்துவிடுவார்கள். அந்த மறதியால்தான் பல குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன.

மறக்காத ஆள் ஒருவர் இருந்தார். நாலு தென்னையெல்லாம் அவருக்கு எந்த மூலைக்கு? ஒரு தீவிலே தோப்பையே வாங்கிவிட்டார். பெயர் ஆகஸ்ட் எங்கெல்ஹார்ட். 1875இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் பிறந்தவர். விரல் நீளத்துக்குச் சுட்டுத் தரும் பன்றிக்கறி சாஸேஜுக்குப் பேர் போன ஊர் அது. அங்கே பிறந்த பிள்ளை கறி வேண்டாம் என்றது, திருநெல்வேலியில் பிறந்தவன் அல்வாவைப் பார்த்து முகத்தைச் சுளித்த மாதிரி. வீட்டில் அன்றே உஷாராகியிருக்க வேண்டும்.

படித்தது இயற்பியல், வேதியியல். பார்த்த வேலை மருந்துக் கடை உதவியாளர். பொடியை நிறுத்துப் பொட்டலம் கட்டுவது, குப்பியில் லேபிள் ஒட்டுவது, இருமுகிறவர்களுக்கு நடுவே நாள் முழுக்க நிற்பது. வெளியே வந்தால் ஆலைப் புகை. அந்தக் காலத்து ஜெர்மனியில் இதெல்லாம் வெறுத்துப்போன ஒரு கூட்டமே இருந்தது. ‘வாழ்க்கைச் சீர்திருத்தம்’ என்று அதற்குப் பெயர். முதலில் கறியை விட்டார்கள். பிறகு சாராயம், அப்புறம் புகையிலை. விட இன்னும் என்ன பாக்கி என்று தேடியவர்கள், கடைசியில் குனிந்து பார்த்து வேட்டியையும் விட்டார்கள். அடால்ஃப் யூஸ்ட் என்பவர் 1896இல் ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் யுங்போர்ன் என்று ஒரு இயற்கை வைத்திய நிலையமே திறந்தார். வெறும் உடம்போடு காற்று வாங்கலாம், சேறு பூசிக்கொள்ளலாம், பழமும் கொட்டையும் தின்னலாம். ஜெர்மனியின் குளிரில்!

நம்மவரும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். அவரிடம் சொந்தமாக ஒரு தத்துவமும் இருந்தது. 1898இல் நண்பர் ஆகஸ்ட் பெத்மானோடு சேர்ந்து அதைப் புத்தகமாகவும் போட்டுவிட்டார். தலைப்பு, ‘கவலையற்ற எதிர்காலம்’. எழுதியவருக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. அந்த வயதில்தான் இப்படித் தலைப்பு வைக்க முடியும்.

தத்துவம் இதுதான். உயிருக்கெல்லாம் ஆதாரம் சூரியன். ஆகவே சூரியனுக்கு எது மிக அருகில் காய்க்கிறதோ, அதுவே புனிதமான உணவு. எல்லாவற்றையும் விட உசரத்தில் காய்ப்பது எது? தேங்காய். அது உருண்டையாக இருக்கிறது, நார்முடி இருக்கிறது, கண் வேறு இருக்கிறது. மனிதத் தலையேதான். எனவே தேங்காய் மட்டும் தின்றால் நோய் வராது, மூப்பு வராது, மெல்ல மெல்லக் கடவுளாகவே ஆகிவிடலாம்.

இதில் ஓட்டை எங்கே என்று தமிழ்நாட்டுக் குழந்தைகூடச் சொல்லும். பனை என்ன குள்ளமா சார்? தென்னையும் பனையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எது சூரியனை முதலில் எட்டிப் பார்க்கும் என்று பந்தயமே கட்டலாம். மனிதர் தூத்துக்குடிப் பக்கம் வந்திருந்தால் நுங்குச் சாமியாராகப் போயிருப்பார். வரலாற்றின் ஒரு பக்கமே மாறியிருக்கும்.

தத்துவத்துக்கு ஒரு கிளைத் தத்துவமும் உண்டு. மூளைக்குச் சாப்பாடு வயிற்றிலிருந்து வருவதில்லையாம். வெயில்தான் மயிர்க்கால் வழியாக இறங்கி மூளைக்கு ஊட்டுகிறதாம். ஆகவே தொப்பி ஆகாது, முடி வெட்டுவது மகாபாவம். வழுக்கைத் தலையர்களுக்கு இந்த மதத்தில் என்ன கதி என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

சரி, தேங்காய் வேண்டும், வெயில் வேண்டும், துணியில்லாமல் திரிந்தால் போலீஸ் பிடிக்காத இடம் வேண்டும். 1902இல் கப்பலேறி, செப்டம்பர் 15ஆம் தேதி நியூ கினியில் போய் இறங்கினார். நாகரிகத்தை உதறிவிட்டு பூமியின் மறுபக்கத்துக்கே போனாரா என்றால், போன இடமும் ஜெர்மன் காலனிதான். தீவுக்கூட்டத்துக்கு ஜெர்மன் சான்ஸலர் பிஸ்மார்க்கின் பெயர். இறங்கிய ஊரின் பெயர் பிஸ்மார்க்கின் மகன் ஹெர்பெர்ட்டின் ஞாபகமாக ஹெர்பெர்ட்ஸ்ஹோஹே. இன்று அந்த ஊர் கொக்கோபோ, பப்புவா நியூ கினியில் இருக்கிறது. உலகத்தையே துறக்கலாம். கொடியையும் முத்திரைத்தாளையும் துறக்க மனசு வருமா?

அங்கே நிலம் வேண்டுமென்றால் ஒருவரைப் பார்க்காமல் நடக்காது. எம்மா என்ற அம்மையார். அப்பா அமெரிக்கர், அம்மா சமோவா தீவுக்காரர். வந்த புதிதில் வியாபாரி. பிறகு தோட்டத்துக்கு மேல் தோட்டமாக வாங்கிப் போட்டு, ராலும் என்ற இடத்தில் மாளிகை கட்டி, ஊரெல்லாம் ‘ராணி எம்மா’ என்று கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டார். அவர் வீட்டு விருந்தும் ஷாம்பெய்னும் தென்கடல் முழுக்கப் பிரசித்தம். தேங்காயைத் தின்று கடவுளை அடையலாம் என்பது இவர் கட்சி. தேங்காயை விற்று ஷாம்பெய்னை அடையலாம் என்பது அவர் கட்சி. இரண்டு கட்சியும் சந்தித்த காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆதாரம் கேட்காதீர்கள், நானாகப் போட்டுப் பார்த்த நாடகம் இது.

“வாப்பா தம்பி. தோட்டம் பார்க்க வந்தியா?”

“ஆமாம்மா. தென்னந்தோப்பா வேணும்.”

“அதுக்கென்ன, இருக்கு. என்ன பண்ணப்போற? எண்ணெய் வியாபாரமா, சோப்பா?”

“சாப்பிடப் போறேம்மா.”

“எதை?”

“தேங்காயைத்தான். வேற ஒண்ணும் சாப்பிடறதா இல்லை.”

எம்மா இன்னொரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு, பத்திரத்தைச் சீக்கிரம் எழுதச் சொல்லியிருப்பார்.

இப்படியாகக் கபகோன் என்ற குட்டித் தீவில், தென்னையும் வாழையுமாக 75 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 185 ஏக்கர், எங்கெல்ஹார்ட் வசமானது. மூன்று அறையுள்ள குடிசை ஒன்று கட்டிக்கொண்டார். ஊரிலிருந்து ஆயிரம் சொச்சம் புத்தகங்களை இறக்கினார். இடுப்பில் ஒரு துண்டு, சில நாள் அதுவும் இல்லை. தாடி வளர்ந்தது, சடை வளர்ந்தது. பழனி படிக்கட்டில் உட்கார வைத்திருந்தால் முன்னால் சில்லறை விழுந்திருக்கும்.

தன்னந்தனியாக ஒரு தீவில் வாழ்ந்தார் என்றுதான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். அந்தத் தனிமையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். தீவில் சுமார் 40 மெலனீசியர்கள் இருந்தார்கள். ‘தனியாக’ என்றால் ‘வேறு வெள்ளைக்காரர் இல்லாமல்’ என்று அர்த்தம். காலனி ஆவணங்களுக்கு எண்ணிக்கை அப்படித்தான் வரும், நாற்பது பேர் ஒண்டியில் அடங்கிவிடுவார்கள்.

அது சும்மா தோப்பும் இல்லை, கொப்பரைத் தோட்டம். காயைப் பறித்து, மட்டை உரித்து, உடைத்து, காயவைத்து, மூட்டை கட்டினால் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஐரோப்பாவில் அது எண்ணெயாகி, சோப்பாகவும் மார்கரீனாகவும் கடைக்கு வரும். எந்த ஆலைப் புகைக்குப் பயந்து ஓடி வந்தாரோ, அந்த ஆலைக்கே இவர் தோட்டத்திலிருந்து மூட்டை போய்க்கொண்டிருந்தது. மேலேறிப் பறிப்பதும் குனிந்து உரிப்பதும் மெலனீசியர் வேலை. மருந்துக் கடைத் தராசில் கிராம் கணக்கில் பொடி நிறுத்த கை, தேங்காயை மட்டை உரிக்கப் பழகுவதற்குள் நகம் பெயர்ந்துவிடும். முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நட்டுவைத்த இரும்புப் பாரையில் காயைக் குத்தி ஒரு திருகு திருக வேண்டும். காய் வழுக்கினால் பாரை உள்ளங்கையைப் பதம் பார்க்கும்.

சந்நியாசி பூனை வளர்த்த கதை நமக்குத் தெரியும். கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை, பூனைக்குப் பாலென்று பசு, பசுவை மேய்க்க ஆள், கடைசியில் சம்சாரம். எங்கெல்ஹார்ட் கோவணத்தோடு ஆரம்பிக்கவில்லை. தோட்டம், கணக்கு, கூலியாள் எல்லாம் சேர்த்த பிறகுதான் கோவணம் கட்டினார். கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தவர்.

இனி சாப்பாட்டுக் கணக்கு. 100 கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி, 33 கிராம் கொழுப்பு, புரதம் மூன்று கிராமும் கொஞ்சமும். ஒரு நாளைக்கு ஐம்பது கிராம் புரதம் வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோ தேங்காய் தின்ன வேண்டும். பெரிய காயாக நாலு. கூடவே அரைக் கிலோ கொழுப்பு உள்ளே போகும். வைட்டமின் பி12 அதில் கிடையவே கிடையாது. பாவம், அவரைக் குறை சொல்லவும் முடியாது, வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது. ஆனால் அந்தச் சொல்லைக் கேள்விப்படாத நம்மூர்ப் பாட்டிகள் சட்னிக்கு அரைக்கும்போது தேங்காயோடு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டார்கள். கபகோன்காரர்களும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாகத் தென்னைக்கடியில் வாழ்கிறவர்கள் கிழங்கு தின்றார்கள், மீன் தின்றார்கள், விசேஷமென்றால் பன்றி. தேங்காய் கூடத்தான் இருந்தது, கூட மட்டும். பக்கத்து அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்த்திருந்தால் போதும். ஆயிரம் புத்தகம் வைத்திருந்தவருக்கு அது தோன்றவில்லை.

தான் மட்டும் கடவுளாவது சுயநலம் என்று ‘சூரிய சங்கம்’ தொடங்கினார். கபகோனில் ஆரம்பித்து, பூமத்திய ரேகையைச் சுற்றி உலகம் முழுக்க ஒரு பழந்தின்னிப் பேரரசு. ஜெர்மனிக்குக் கடிதம் பறந்தது. வாருங்கள், வெயில் இருக்கிறது, காய் இருக்கிறது, கவலை இல்லை.

முதலில் வந்தவர் ஹைன்ரிஷ் ஔகென்ஸ். ஹெலிகோலாந்து தீவுக்காரர், வயது 24. 1903 கடைசியில் வந்து சேர்ந்தார். ஆறே வாரம். ஆளைப் புதைத்துவிட்டார்கள். நோய் வராத ஊரின் முதல் விருந்தாளிக்கே இந்த மரியாதை.

அடுத்து, பெர்லினிலிருந்து மாக்ஸ் லூட்சோவ். பெரிய சங்கீதக்காரர், வயலின், பியானோ, இசைக்குழு நடத்துவது எல்லாம் வரும். வந்தவருக்கு ஒரே பரவசம். ஊருக்கு எழுதிய கடிதங்களை அங்கே சைவ உணவுக்காரர்களின் பத்திரிகை அச்சில் போட்டது. தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்பார்களே, தீவில் ஒருவருக்குக் கொட்டிய பரவசம் ஜெர்மனியில் பல பேருக்கு நெறி கட்டியது. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆனாலும் ஒரே சமயத்தில் தீவில் கூடிய கூட்டம் ஒரு ஷேர் ஆட்டோவுக்குள் அடங்கும். ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதைதான். பகலில் பேரரசுக்கு வரைபடம் போடுவார்கள், சாயங்காலம் கொசு வரும். அது மலேரியாக் கொசு. தத்துவம் படிக்காத கொசு. ஏறக்குறைய ஒரு வருடத்தில் லூட்சோவும் போய்ச் சேர்ந்தார்.

குரு எப்படி இருந்தார்? ஒரு கட்டத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஹெர்பெர்ட்ஸ்ஹோஹே ஆஸ்பத்திரியில் போட்டார்கள். உயரம் 1.66 மீட்டர், எடை 39 கிலோ. உடம்பெல்லாம் புண். இன்றைய டாக்டர்கள் போடும் பிஎம்ஐ கணக்கில் அது 14. பதினெட்டரைக்குக் கீழே போனாலே ‘என்னம்மா, பையனுக்குச் சோறு போடறீங்களா இல்லையா’ என்று கேட்பார்கள். கடவுளாவதற்கு மிக அருகில்தான் இருந்தார், அவர் நினைத்த வழியில் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் இறைச்சிச் சாறு கொடுத்து எழுப்பி உட்கார வைத்தார்கள். கால் ஊன்ற முடிந்ததும் மனிதர் நேரே கபகோனுக்குத் திரும்பி, மறுபடியும் தேங்காய். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

காலனி அரசாங்கத்துக்குத் தலைவலி. குடியேற ஆள் வர வேண்டும் என்பது அதன் ஆசைதான். ஆனால் இப்படித் துணியில்லாமல் வந்து, தேங்காய் தின்று, அரசாங்க ஆஸ்பத்திரியில் வந்து படுக்கும் ஆளா? கபகோனுக்குப் போகிறவர்கள் வைத்தியச் செலவுக்கு முதலிலேயே பணம் கட்டிவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். சொர்க்கத்தின் வாசலில் டெபாசிட் கேட்ட ஒரே அரசாங்கம் அதுவாகத்தான் இருக்கும்.

1906இல் பழைய கூட்டாளி பெத்மான் வந்தார். ‘கவலையற்ற எதிர்காலம்’ புத்தகத்தைச் சேர்ந்து எழுதினாரே, அவர்தான். எட்டு வருடம் தள்ளி, தான் எழுதிய எதிர்காலத்தை நேரில் பார்க்க வந்தவர் அதே வருடம் அங்கேயே இறந்தும் போனார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். இங்கே ஏடுதான் எழுதினவனைக் கெடுத்தது.

அதற்குப் பிறகு சீடர் வரத்து ஓய்ந்தது. சூரிய சங்கம் அஸ்தமித்தது. தோட்டத்தை வேறு ஆள் பார்த்துக்கொள்ள, எங்கெல்ஹார்ட் மூலிகை, செடிகொடி என்று நாளைக் கழித்தார். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களுக்கு அவர் ஒரு வேடிக்கை. படகு பிடித்து வந்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நகரத்து மனிதர்களின் முகத்தில் விழிக்கக்கூடாது என்று பூமியைப் பாதி சுற்றி வந்தவரைப் பார்க்க, நகரத்து மனிதர்கள் கேமராவோடு வந்தார்கள்.

1914இல் முதல் உலகப் போர். செப்டம்பரில் ஆஸ்திரேலியப் படை வந்து, கொஞ்ச நேரச் சண்டையில் ஜெர்மன் நியூ கினியைப் பிடித்துக்கொண்டது. எதிரி நாட்டு ஆட்களை அடைக்க வேண்டும் என்று தாடியும் சடையுமாக இருந்த இவரையும் ரபால் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, இந்த ஆளால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு ஆபத்தில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தேங்காய்க்குத்தான் ஆபத்து.

1919 மே 6ஆம் தேதி எங்கெல்ஹார்ட் இறந்துபோனார். வயது 43. மூப்பு வராது என்று அவர் சொன்னது மட்டும் பலித்துவிட்டது.

தொண்ணூற்றுச் சொச்சம் வருடம் கழித்து, 2012இல் கிறிஸ்டியன் க்ராஹ்ட் என்ற சுவிஸ் எழுத்தாளர் இவரை வைத்து ‘இம்பீரியம்’ என்று ஒரு நாவல் எழுதினார். அதில் எங்கெல்ஹார்ட் வழியில் இலங்கையில் இறங்குகிறார். ரயிலில் கோவிந்தராஜன் என்ற தமிழர் சிநேகமாகிறார். ‘நானும் பழம் மட்டும்தான் சாப்பிடுகிறேன்’ என்று பேச்சுக் கொடுத்து, நம்பவைத்து, பணத்தை அடித்துக்கொண்டு கம்பி நீட்டிவிடுகிறார். சுத்தக் கற்பனை. கற்பனையிலாவது அந்தத் தத்துவத்தால் பிழைத்த ஒரே ஆள் நம்மாள்தான் என்பதில் ஒரு அற்பப் பெருமை.

நம் கிராமங்களில் ஒரு சொலவடை உண்டு. தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பார்த்துட்டுச் சாவான். தென்னை சீக்கிரம் காய்க்கும், பனை மெதுவாகத்தான் காய்க்கும் என்று கன்று வாங்கப் போகிறவனுக்குச் சொல்லும் புத்திமதி அது. எங்கெல்ஹார்ட் அதை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டினார். ஒரே ஒரு திருத்தம், அவர் வைக்கவில்லை, தின்றார். வைத்துத் தண்ணீர் ஊற்றி ஏறிப் பறித்தவர்கள் அந்தக் கணக்கில் சேராத நாற்பது பேரும் அவர்கள் சொந்தக்காரர்களும். அவர்கள் புத்தகம் எழுதவில்லை, நாவலிலும் அவர்களுக்குப் பெரிய வேஷம் கிடையாது. அவர்கள் பேரன் பேத்திகள் அந்தக் கடல் பக்கம் இன்றும் தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து, கிழங்கிலும் மீனிலும் ஊற்றிக் கொதிக்கவிடுகிறார்கள்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு காய் போதுமாம்.